பழைய லேப்டாப்பின் வேகத்தையும் பேட்டரி நேரத்தையும் கூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. பேட்டரி நிற்கவில்லை என்றதும் முதலில் செய்வது புது பேட்டரி வாங்குவது. இரண்டுமே பிற்பாடு செய்ய வேண்டியவை. மின்விசிறியில் தூசி அடைத்திருக்கும்போது, உள்ளே தேய்ந்த ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும்போது, புது விண்டோஸ் சில வாரம் சுறுசுறுப்பாக ஓடும். அப்புறம் பழைய கதைதான்.

வேகமும் பேட்டரியும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. ப்ராசஸர் ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்வுக்குப் போனால்தான் பேட்டரி மிஞ்சும். சூட்டிலும் டிஸ்குக்காகக் காத்திருப்பதிலும் திணறும் லேப்டாப் இரண்டையும் சேர்த்தே இழக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இது 2012 முதல் 2017 வரை வந்த, 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்கும் உள்ள ஐ3, ஐ5 லேப்டாப்புகளுக்காக எழுதியது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பலவற்றுக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப்புகளுக்கும் இதே வழி பொருந்தும். 2 ஜிபி ரேமும் 32 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட சின்ன லேப்டாப் என்றால் 5, 6-ஆம் படிகளுக்கு வழியே இல்லை. அதற்குப் பணம் செலவு செய்யாதீர்கள். 7-ஆம் படியில் சொல்லும் லினக்ஸோடு (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன்

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், 8 ஜிபி பென் டிரைவ், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மென்மையான பிரஷ், கேமரா துடைக்கிறவர்கள் பயன்படுத்தும் ரப்பர் ப்ளோயர், ஒரு வெள்ளைத்தாள். இவ்வளவு போதும்.

முதல் வேலை, ஃபைல்களைப் பிரதி எடுப்பது. அதற்கும் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நிதானமாக எல்லாவற்றையும் எடுக்கலாம். மஞ்சள் என்றால், குடும்பப் போட்டோ, சான்றிதழ் போன்ற ஈடு இல்லாதவற்றை முதலில் எடுங்கள். பாட்டும் படமும் அப்புறம். மஞ்சள் காட்டும் டிஸ்கில் டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்க்கும் வேலை) ஓட்டக் கூடாது. மிச்சமிருக்கும் உயிரையும் அது வாங்கிவிடும்.

எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: ஃபான்ட். பழைய கடிதங்களை பாமினியிலோ வானவில் அவ்வையாரிலோ அடித்திருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் பிரதி எடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு விண்டோஸை அழித்துவிட்டு, பிறகு பத்து வருடக் கடிதங்களைத் திறக்க முடியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

2. எது தடுக்கிறது என்று பாருங்கள்

ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10-இல் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுபடி எழுப்புகிறது. ரீஸ்டார்ட்தான் சுத்தமான தொடக்கம்.

திறந்ததும் பத்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். அப்டேட், ஆன்ட்டிவைரஸ் எல்லாம் அந்த நேரத்தில்தான் முட்டி மோதும். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நீங்கள் தினமும் செய்கிற வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டே கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு 20-ஐத் தாண்டவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. மெமரி 85, 90-க்கு மேலேயே இருந்தால் ரேம் போதவில்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கைத்தான் ரேமாகப் பயன்படுத்தும், அதனால் இரண்டும் சேர்ந்தே தெரிவது சகஜம்.

மூன்றாவது நிலையைப் பலர் தவறவிடுகிறார்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் வேகம் எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கும். ஒன்று, சூடு. இல்லையென்றால் சார்ஜர். சில கம்பெனி லேப்டாப்புகள் சார்ஜர் முனையின் நடுவில் உள்ள ஊசி வழியாக அது எத்தனை வாட் சார்ஜர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த ஊசி வளைந்தாலோ, அந்த வசதி இல்லாத மலிவு சார்ஜரைச் செருகினாலோ, லேப்டாப் பயந்து ப்ராசஸரைக் கீழ் வேகத்திலேயே பூட்டிவிடும்; பேட்டரியும் ஏறாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் மாற்ற வேண்டியது சார்ஜரை மட்டும்தான்.

3. பேட்டரியின் நிஜ நிலையை எண்ணில் பாருங்கள்

முதலில் கண்ணால் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அடிமூடி புடைத்திருக்கிறதா, மூடினால் ஆடுகிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. வேறு எதையும் செய்ய வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வெளியே எடுங்கள். நெம்பவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். சுலபமாக வரவில்லை என்றால் கடையில் கொடுங்கள்.

உப்பவில்லை என்றால், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும். பிரவுசரில் திறந்தால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது இன்று எஞ்சியது.

இப்போது ஒரு கணக்கு. 47.5 வாட்-மணி பேட்டரி இன்று 26-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். லேப்டாப் சராசரியாக 13 வாட் குடித்தால் இரண்டு மணி நேரம் வரும். புது பேட்டரி போட்டால் மூன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரியை மாற்றாமல் குடிப்பதை 8 வாட்டுக்கு இறக்கினால், பைசா செலவில்லாமல் மூன்றேகால் மணி. இரண்டையும் செய்தால் ஏறக்குறைய ஆறு மணி. பேட்டரியை நான் கடைசிப் படிக்குத் தள்ளுவது இதனால்தான்.

எத்தனை வாட் குடிக்கிறது என்பதை, சார்ஜரைக் கழற்றிய நிலையில், ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது ஒரு எண், வீடியோ ஓடும்போது ஒரு எண் குறித்து வையுங்கள். கூடவே ப்ராசஸரின் வெப்பநிலையும் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி வைக்காவிட்டால் பிறகு நீங்கள் செய்ததில் எது பலன் தந்தது என்றே தெரியாது.

4. தூசியை எடுங்கள்

எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பு) மாட்டுவதற்கு முன்னால் இது ஏன்? சூடானால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மின்விசிறி ஓயாமல் சுற்றி பேட்டரியைத் தின்னும். பக்கத்திலேயே இருக்கும் பேட்டரிக்கும் சூடு ஆகாது. எப்படியும் அடிமூடியைத் திறக்கப் போகிறீர்கள், முதலில் சுத்தம் செய்துவிட்டு மற்றதை மாட்டலாம்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கி, மூடியைக் கழற்றும் பக்கத்தை மட்டும் படியுங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதைத் தெரியாமல் நெம்பித்தான் பெரும்பாலான மூடிகள் உடைகின்றன.

ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் தொடும் முதல் பொருள் அதன் கனெக்டராக இருக்கட்டும். பிறகு பவர் பட்டனை இருபது விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஸ்க்ரூக்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நீளம் வேறு. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கும், அல்லது போர்டில் குத்தும்.

வெளியிலிருந்து ஊதினால் போதாது. மின்விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில்தான் தூசி படிந்து படிந்து கம்பளித் துணி மாதிரி ஒரு திரை உருவாகியிருக்கும். வெளியிலிருந்து வரும் காற்று அதைத் தகடுகளில் இன்னும் அழுத்தவே செய்யும். மின்விசிறியின் மூடியைக் கழற்றினால் அந்தத் திரையை விரலால் முழுசாக உரித்து எடுக்கலாம். பிறகு பிரஷ், ப்ளோயர். ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும், ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் பசை) மாற்றுவதா? சுத்தம் செய்த பிறகும் வேலை நேரத்தில் 90 டிகிரியைத் தாண்டினால் மட்டும். ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிப்பின் ஓரம் சிதறும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதியது வைத்தால் போதும். மற்ற சிப்புகள் மேல் மெத்தென்று பட்டை ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு பேஸ்ட் தடவாதீர்கள். அந்த இடைவெளியை பேஸ்ட்டால் நிரப்ப முடியாது.

5. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி

பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் என்றால் அது இதுதான். சுழலும் டிஸ்க் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் தேடிப் போக 10 முதல் 15 மில்லிசெகண்ட் எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அது 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். விண்டோஸ் திறக்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை என்பதால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

இந்த வயது லேப்டாப்புகளுக்கு 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். 256 ஜிபி தாராளம். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம் இருந்தால் வாங்கும் முன் மேனுவலைப் பாருங்கள். பழையவற்றில் அது சாட்டாவை மட்டும் ஏற்கலாம், என்விஎம்ஈ என்ற புதிய வகையை மாட்டினால் அடையாளமே காணாது. ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்கு வந்தால் அது போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், எழுதிய ஃபைல்கள் காணாமல் போகும்.

டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே கேடி (caddy) என்ற சட்டம் வைத்துப் பழைய டிஸ்கையும் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். இடம் கிடைக்கும், ஆனால் அந்த டிஸ்க் உள்ளேயே சுழன்று பேட்டரியைக் குடிக்கும். அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, வேண்டும்போது மட்டும் செருகுங்கள்.

மாட்டியதும் பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன்பே நுழையும் அடிப்படை செட்டிங் பக்கம்) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டிஸ்கை அப்படியே க்ளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவதையே சொல்வேன். க்ளோன் செய்தால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும்.

6. ரேம்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். ஒன்று காலி என்றால் ஏற்கெனவே உள்ளதைப் போன்ற 4 ஜிபி இன்னொன்று மாட்டுங்கள். இரண்டு சம ரேம்கள் சேர்ந்து ஓடினால், ரேமைக் கடன் வாங்கி ஓடும் உள் கிராஃபிக்ஸும் வேகமாகும்.

தவறு நடப்பது வகையில்தான். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் பொதுவாக டிடிஆர்3எல் மட்டுமே கேட்கும். மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் மாட்டியும் பயனில்லை. அடுத்த படியில் 64 பிட் போட வேண்டும்.

7. விண்டோஸா, லினக்ஸா

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. நாம் பேசும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அதில் தேறாது. குறுக்கு வழியில் போடலாம். ஆனால் பாங்க் வேலை பார்க்கும் கணினியில், நாளை அப்டேட் நிற்குமோ என்ற நிலையில் அதை வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாலி, போட்டோஷாப், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸ் இல்லாமல் முடியாத வேலை இருந்தால் விண்டோஸிலேயே இருங்கள். பிரவுசர், கடிதம், வீடியோ, பிள்ளைகளின் படிப்பு இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபி ரேமிலேயே மூச்சு வாங்காமல் ஓடும்.

நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா? இந்த நான்கும் சரியென்றால் மற்றது தானே அமையும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். முதல் படியில் எடுத்து வைத்த ஃபான்ட்களை இப்போதே போட்டுவிடுங்கள்.

விண்டோஸிலேயே இருப்பவர்கள்: டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில் தெரியாத பெயரை விட்டுவிட்டு, தெரிந்து வேண்டாததை நிறுத்துங்கள். உள்ளேயே டிஃபெண்டர் இருக்கும்போது இன்னொரு ஆன்ட்டிவைரஸ் வேண்டாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ரேம் பூஸ்டர் எதையும் போடாதீர்கள். அவையே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சுமைகள்.

8. பிரவுசரும் யூடியூபும்

வேகமான எஸ்எஸ்டி போட்டும் யூடியூப் திறந்தால் மின்விசிறி இரைகிறதா? காரணம் இது. யூடியூப் பொதுவாக விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வடிவத்தில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல்லில் சுருக்கிய விபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே பிரிக்கும் (விரித்துக் காட்டும்) வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்திய லேப்டாப்பில் அந்த வேலை பெரும்பாலும் ப்ராசஸர் தலையில் விழுகிறது.

எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டால், பழைய சிப்பும் வன்பொருளில் பிரிக்கத் தெரிந்த எச்.264 வடிவத்தையே யூடியூப் அனுப்பும். 1080பி வரைதான் வரும். உங்கள் திரைக்கு அதுவே அதிகம். வீடியோ மேல் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்து, கோடெக்ஸ் வரியில் ஏவிசி1 என்று இருந்தால் சரி. இப்போது எத்தனை வாட் என்று மறுபடி பாருங்கள்.

குரோமில் மெமரி சேவரையும், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸையும் இயக்குங்கள். விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும்.

9. பவர் செட்டிங்

சும்மா இருக்கும் லேப்டாப்பில் அதிகம் குடிப்பது பெரும்பாலும் திரைதான். வெளிச்சத்தைக் கண்ணுக்குப் போதுமான அளவுக்கு இறக்குங்கள்.

விண்டோஸின் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்று ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடும்போது மட்டும் அதை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ப்ராசஸர் தற்காலிகமாகக் கூடுதல் வேகத்துக்குத் தாவும் டர்போ பூஸ்ட் அதோடு நின்றுவிடும். சூடும் இரைச்சலும் இறங்குவது கூடவே தெரியும். சார்ஜரில் ஓடும்போது 100-ஆகவே இருக்கட்டும்.

லினக்ஸில் டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு மென்பொருளைப் போட்டால் போதும். அதே வேலை செய்யும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் ஏற்கெனவே இருந்தால் அதை நீக்கிவிட்டுப் போடுங்கள்; இரண்டும் ஒரே செட்டிங்கை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

பையில் வைத்து எடுத்துப் போகும்போது ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் கொடுங்கள். எஸ்எஸ்டி இருப்பதால் எழவும் நேரமாகாது.

10. இப்போது பேட்டரி

புதிய வாட் எண்ணை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். கிடைக்கும் நேரம் போதுமென்றால் பேட்டரி வாங்கத் தேவையில்லை.

வாங்குவதென்றால், லேப்டாப் மாடலை நம்பாமல் பழைய பேட்டரியின் மேலுள்ள பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு விதப் பேட்டரி வந்திருக்கும். 10.8 வோல்ட்டும் 11.1 வோல்ட்டும் ஒரே இனம், 14.8 வோல்ட் வேறு, மாற்றி மாட்டக் கூடாது. ஒப்பிட வேண்டியது வாட்-மணி எண்ணை. தயாரித்த தேதியைப் பாருங்கள், பல வருடம் கிடங்கில் கிடந்த பேட்டரி பயன்படுத்தாமலேயே தேய்ந்திருக்கும். வந்த அன்றே பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் குறை தெரிய வேண்டும். உள்ளே செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பற்றவைப்பு சரியில்லை என்றால் நெருப்பு ஆபத்து.

பெரும்பாலும் சார்ஜரிலேயே ஓட்டுபவர்கள், பயாஸிலோ கம்பெனி மென்பொருளிலோ 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். முழுச் சார்ஜில், சூட்டில், நாள் கணக்கில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாகக் கிழவனாக்குவது. மாதம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கச் சொல்வது பழைய நிக்கல் பேட்டரிக்கான அறிவுரை, இதற்குப் பொருந்தாது.

மாட்டிய பிறகு இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை என்று வந்தால் பதற வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தால், பேட்டரியைக் கழற்றியதும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்து, அந்த வட்ட பேட்டரியையும் மாற்றுங்கள். பலவற்றில் சிஆர்2032, சிலவற்றில் வயரோடு வரும்.

பழைய பேட்டரியின் முனைகளை டேப்பால் மூடி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரி அழுத்தும்போது தீப்பிடிக்கும்.